மணமகளின் முகத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

இந்தியத் திருமணங்களின் ஏற்பாட்டுப் பட்டியலில் மண்டபம், உணவு, ஆடை, நகை ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தை இன்று ஒப்பனைக் கலைஞர் பெற்றிருக்கிறார். பெருநகரங்களில் பல மாதங்களுக்கு முன்னரே முன்பணம் செலுத்தி அவருடைய நாளை உறுதி செய்துகொள்கின்றனர். ஆயினும் இத்தேர்வைக் குறித்துக் கல்விப்புலத்தில் பேச்செழுந்தால் பெரும்பாலும் இரண்டு எதிர்வினைகளே வருகின்றன. ஒன்று, இது அற்பமான நுகர்வுச் செய்தி என்னும் புறக்கணிப்பு. மற்றொன்று, ஒப்பனையே ஆணாதிக்கத்தின் கருவி, ஆகவே அதை மறுப்பதே விடுதலை என்னும் தீர்ப்பு. இரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன. ஒரு பெண்ணின் முகத்தின்மீது மற்றொரு பெண் மூன்று மணி நேரம் செய்யும் வேலையை இரண்டுமே காணத் தவறுகின்றன.

ஒப்பனைக் கலைஞரைத் தேர்ந்தெடுப்பது அழகுணர்ச்சி சார்ந்த முடிவு மட்டுமன்று. மணமகளின் தோல் நிறம் அந்நாளில் அவருடையதாகவே இருக்குமா என்பதை அது தீர்மானிக்கிறது. அவரைச் சுற்றி நின்று உழைப்பவர்கள் தொழிலாளராக மதிக்கப்படுவார்களா என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. யார் சிறந்த கலைஞர் என்னும் கேள்விக்கு முன்னர் கேட்கப்பட வேண்டியவை இவ்விரண்டுமே.

மணமகளை ஒப்பனை செய்யும் தொழில் அழகு நிலையங்களோடு தொடங்கியதன்று. வட இந்தியச் சிற்றூர்களில் நாவிதர் குடியைச் சேர்ந்த பெண்ணே மணமகளுக்குக் கடலை மாவும் மஞ்சளும் கலந்த உப்டன் பூசி, நீராட்டி, தலைவாரி, பாதங்களுக்குச் செஞ்சாயம் தீட்டி மணப்பந்தலுக்கு அனுப்பியவர். அதற்கான ஊதியம் அறுவடைக் காலத் தானியமாகவும், நேக் எனப்படும் சடங்குக் கொடையாகவும் வந்தது. வில்லியம் வைசர் 1936-இல் வெளியிட்ட நூலில் விவரித்த ஜஜ்மானி முறையின் ஒரு கண்ணி இது. அப்பெண்ணின் கை படாமல் திருமணச் சடங்கு நிறைவுறாது. எனினும் அத்திருமண விருந்தில் அவர் மற்றவர்களுடன் சமமாக அமர இயலாது. இன்று அதே வேலைக்குக் கலை என்னும் பெயரும், சான்றிதழும், ரொக்கக் கட்டணமும் கிடைத்துள்ளன. இம்மதிப்பு வேலைக்குக் கிடைத்தபோது, தலைமுறைகளாக அதைச் செய்துவந்த குடிகளுக்கும் கிடைத்ததா என்பது இன்னும் போதிய அளவில் ஆராயப்படாத கேள்வியாகவே இருக்கிறது.

தொழிலின் மதிப்பு உயரும்போது அதை யார் கைக்கொள்கின்றனர் என்பதற்கு மும்பைத் திரையுலகம் தெளிவான சான்று. அங்கே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஒப்பனைக் கலைஞராகப் பணியாற்றும் உரிமை ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. பெண்கள் சிகையலங்காரம் மட்டுமே செய்யலாம். தொழிற்சங்கத்தின் விதிகளே அவ்வாறு வகுத்திருந்தன. பயிற்சி பெற்ற ஒப்பனைக் கலைஞரான சாரு குரானா, பெண் என்பதனாலும் மகாராஷ்டிரத்தில் ஐந்தாண்டுகள் வசித்தவரல்லர் என்பதனாலும் உறுப்பினர் அட்டை மறுக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 2014 நவம்பர் 10 அன்று நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, உதய் உமேஷ் லலித் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அவ்விதிகளை அரசியலமைப்புக்கு முரணானவை என நீக்கியது. முகம் ஆணுக்கு, முடி பெண்ணுக்கு என்னும் பிரிவினைக்குத் திறமை காரணமன்று. ஊதியமும் மதிப்பும் மிகுந்த வேலையை ஆண்கள் தம்மிடமே வைத்துக்கொண்டனர். அலங்காரம் பெண்களின் இயல்பான ஈடுபாடு என்று கருதும் ஒரு சமூகம், அதுவே ஊதியம் பெறும் தொழிலானபோது அவர்களை வாயிலில் நிறுத்தியது என்பதை மறத்தலாகாது.

அடுத்தது நிறம். 1975-ஆம் ஆண்டில் தொடர்பற்ற இரு நிகழ்வுகள் நடந்தன. இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி களிம்பு விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்னும் தோல் மருத்துவர், புறஊதாக் கதிருக்குத் தோல் எவ்வாறு எதிர்வினை புரிகிறது என்பதைக் கொண்டு தோல் வகைகளைப் பிரித்தார். அவருடைய தொடக்க அளவுகோல் வெண்ணிறத் தோலின் வகைகளை மட்டுமே கொண்டிருந்தது. பழுப்பு, கருப்பு நிறங்களுக்கான ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னரே சேர்க்கப்பட்டன. வண்ணப் புகைப்படத்தின் வரலாறும் இத்தகையதே. கோடாக் நிறுவனம் அச்சு நிறத்தைச் சரிபார்க்க அனுப்பிய ஷெர்லி அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைப் பெண்ணின் முகமே அளவையாக இருந்ததை லோர்னா ராத் 2009-இல் எழுதிய கட்டுரை விளக்குகிறது. தோலை அளக்கும் கோலும், படம்பிடிக்கும் சுருளும், அழகுக்கு விலை வைத்த சந்தையும் ஒரே முகத்தை நடுவில் நிறுத்தின.

அண்மைக் காலத்தில் சில மாற்றங்கள் வந்துள்ளன. கருநிறத்தவரைத் தாழ்ந்தவராகக் காட்டும் விளம்பரங்களுக்கு எதிரான நெறிமுறைகளை இந்திய விளம்பரத் தர மன்றம் 2014-இல் வெளியிட்டது. 2020 ஜூனில் ஷாதி.காம் தளம் வரன் தேடலிலிருந்து தோல்நிற வடிகட்டியை நீக்கியது. அதே ஆண்டில் ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லி எனப் பெயர் மாறியது. சொற்கள் மாறின, ஆனால் ஒப்பனை நாற்காலியில் நடப்பது மாறியதா? "ஃபேர்" என்று கேட்க இன்று பலரும் கூச்சப்படுகின்றனர். அவ்விடத்தில் "ப்ரைட்", "க்ளோ" என்னும் சொற்கள் வந்து அமர்ந்துள்ளன. மணமகளின் அத்தையோ வருங்கால மாமியாரோ கதவருகே நின்று, "இன்னும் கொஞ்சம் ப்ரைட்டாகப் போடுங்கள்" என்று சொல்லும்போது, கலைஞரின் கை இரண்டு படி வெளிறிய ஃபவுண்டேஷனை நோக்கி நகர்கிறது. வரன் தேடலில் நீக்கப்பட்ட வடிகட்டி மணநாள் காலையில் தூரிகை வழியாகத் திரும்பி வருகிறது. மணமகனின் முகத்துக்கு இவ்வளவு திருத்தம் தேவைப்படுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அது மணமகளின் சொந்த விருப்பமாக இருக்கலாமே என்று சிலர் வினவுவர். இருக்கலாம். ஆனால் விருப்பம் எந்தச் சூழலில் வெளிப்படுகிறது என்பதும் முக்கியம். கட்டணத்தைத் தந்தை செலுத்துகிறார், உறவினர் சூழ்ந்து நிற்கின்றனர், முகூர்த்தம் நெருங்குகிறது. அந்நேரத்தில் ஒரு பெண் தன் நிறத்துக்காக வாதாட இயலாது. ஆகவே அவ்வுரையாடல் பல வாரங்களுக்கு முன்னர், கலைஞரைத் தேர்ந்தெடுக்கும்போதே நிகழ வேண்டும். அதற்குச் சில நடைமுறை வழிகள் உள்ளன.

முதலாவது, கலைஞரின் பழைய பணிகளைப் பார்க்கும் முறை. இன்ஸ்டாகிராம் பக்கத்தில் உள்ள ஐம்பது படங்களில் மணமகளை ஒத்த நிறத்தினர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம். ஒருவரும் இல்லையெனில், அல்லது எல்லா முகங்களும் ஒரே நிறத்தில் இருப்பின், அதுவே விடை. வடிகட்டி இடாத, பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களையும் காணொளிகளையும் கேட்டுப் பெற வேண்டும். முகத்தோடு கழுத்தும் கையும் அப்படத்தில் தெரிய வேண்டும். பொருத்தமற்ற வெளிர்நிறம் மாநிறத் தோலில் சாம்பல் படர்ந்ததுபோல் தோன்றும் என்பதைப் பகல் வெளிச்சம் மறைப்பதில்லை. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு, சிலிக்கா ஆகியவை மிகுந்த பூச்சுகள் பளிச்சொளியைத் திருப்பி அனுப்பி முகத்தை வெளுத்துக் காட்டக்கூடியவை. ஆதலால் ஒத்திகையின்போது பளிச்சொளியிலும் ஒரு படம் எடுத்துப் பார்ப்பது நலம். புகழ்பெற்றவர்களின் பரிந்துரையைக் காணும்போது அது கட்டணப் பரிந்துரையா என்பதையும் கவனிக்க வேண்டும். அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என விளம்பரத் தர மன்றத்தின் 2021-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன.

இரண்டாவது, உடல்நலம். ஒவ்வாமைத் தோலழற்சி உடனே தோன்றுவதன்று. இரண்டு மூன்று நாள் கழித்தும் வெளிப்படும். தலைமுடிச் சாயத்தில் உள்ள பாரா ஃபினைலின் டைஅமின், பொய்யிமை ஒட்டும் பசை ஆகியவை நன்கறியப்பட்ட காரணிகள். திருமணத்துக்கு முந்தைய நாள் நடத்தும் சோதனையால் பயனில்லை. சில வாரங்கள் முன்னதாகவே செய்ய வேண்டும். முகப்பொலிவுத் தொகுப்பு என்னும் பெயரில் பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவில் தரப்படும் களிம்பை ஒருபோதும் ஏற்கலாகாது. இந்திய விதிகளின்படி, கண்ணைச் சுற்றிப் பூசுவன நீங்கலான அழகுப் பொருள்களில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. ஸ்டீராய்டு கலந்த பல தோல் களிம்புகள் 2018 முதல் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதவையாக அறிவிக்கப்பட்டன. இவற்றைத் தொடர்ந்து பூசுவதால் தோல் மெலிந்து, சிவந்து, களிம்பை நிறுத்த முடியாத நிலைக்குச் செல்லும் முகங்களுக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரே சூட்டியுள்ளனர். ஒருநாள் பொலிவுக்காக வாங்கப்படும் களிம்பு பல ஆண்டுத் துன்பமாகிவிடும். தூரிகைகள் தூய்மை செய்யப்படுகின்றனவா, கண்மைத் தூரிகை ஒவ்வொருவருக்கும் புதிதா என்று கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. நல்ல கலைஞர் அக்கேள்வியை வரவேற்பார்.

மூன்றாவது, எழுத்து வடிவிலான உடன்பாடு. வருபவர் பெயர் பெற்ற கலைஞரா, அவருடைய உதவியாளரா? சிகையலங்காரமும் சேலை மடிப்பும் கட்டணத்தில் அடங்குமா? நாள் மாறினால் முன்பணம் என்னவாகும்? இவை ஒரு பக்கத் தாளில் அடங்கக்கூடியவை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டணம் பெற்றுச் செய்யும் சேவையின் குறைபாட்டுக்கு முறையிட வழி தருகிறது. எழுத்துச் சான்று இருந்தால்தான் அவ்வழி பயன்படும். அவ்வுடன்பாட்டிலேயே, "தோலின் இயல்பான நிறத்துக்கு ஒத்த ஃபவுண்டேஷன் மட்டுமே பயன்படுத்தப்படும்" என்று ஒரு வரி சேர்க்கலாம். மணநாள் காலையில் அத்தையின் குரலுக்கு மணமகள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த வரியைக் காட்டிக் கலைஞரே சொல்லிவிடுவார்.

இனி உழைப்பைக் குறித்து. ஆர்லி ஹாக்ஷீல்டு 1983-இல் உணர்ச்சி உழைப்பு என்னும் கருத்தை முன்வைத்தார். நியூயார்க்கின் நக அழகு நிலையங்களை ஆராய்ந்த மிலியன் காங் 2010-இல் அதை உடல்சார் உழைப்பு என விரித்தார். பிறர் உடலைத் தொட்டுச் செய்யும் பணியில் தொடுபவரின் உடலும் மனமும் சேர்ந்தே தேய்கின்றன என்பது அதன் சாரம். இந்தியச் சூழலுக்கு டோலி கிகோன், பெங்கிட் கார்ல்சன் ஆகியோர் 2019-இல் வெளியிட்ட நூல் இன்றியமையாதது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து பெருநகர அழகு நிலையங்களுக்கும் விடுதிகளுக்கும் வேலைக்கு வரும் பழங்குடி இளைஞர்களின் வாழ்வை அது பதிவு செய்கிறது. மணமகளின் கூந்தலைப் பின்னும் கை அத்தகைய ஒருவருடையதாக இருக்கலாம். நிலையத்தில் அவருடைய முகத்தோற்றம் தொழில்திறனின் அடையாளமாக விற்கப்படுகிறது. அதே முகத்தோற்றத்துக்காகத் தெருவில் அவர் இழிசொல் கேட்க நேர்கிறது.

தென்னிந்தியத் திருமணங்களில் முகூர்த்தம் பலவேளை விடியலில் அமைகிறது. அதற்காக ஒப்பனைக் குழு இரவு இரண்டு மூன்று மணிக்கே மண்டபத்தை அடைய வேண்டும். வட இந்தியாவில் அக்னி வலம் நள்ளிரவைத் தாண்டியும் நீள்கிறது. கலைஞர் தம் காரில் வந்து செல்லக்கூடும். தலையூசிகளை எடுத்துக் கொடுத்து, சேலையின் மடிப்பைப் பிடித்துத் தரையில் அமர்ந்திருக்கும் உதவியாளர் எவ்வாறு வீடு திரும்புகிறார்? அவர் எங்கே உண்கிறார்? அவருக்குரிய கூலி கட்டணத்தில் தனியாகக் கணக்கிடப்பட்டுள்ளதா? இக்கேள்விகளை வேலைக்கு அமர்த்தும் குடும்பம் கேட்டால் கலைஞர் விடை சொல்லியே ஆக வேண்டும். கேட்காவிட்டால் ஜஜ்மானி முறையின் விருந்துப் பந்தி விதி வேறு உருவில் தொடர்கிறது என்றே பொருள்.

ஒப்பனையை முற்றிலும் மறுத்து மணமேடையேறும் பெண்களின் முடிவு மதிப்புக்குரியது. ஆயினும் அதையே ஒரே முற்போக்கு நிலைப்பாடாக்கினால், ஒப்பனையை விரும்பும் பெண் தன் நிறத்துக்காகப் பேசும் இடம் இல்லாமற்போகிறது. இத்தொழிலால் தன் காலில் நிற்கும் ஆயிரக்கணக்கான பெண்களின் உழைப்பும் கேலிக்குரியதாகிறது. மாநிறத் தோலுக்கு உரிய நிறத்தைக் கலந்து எடுப்பது கடினமான கைத்திறன். அத்திறனுக்குச் சந்தை உருவாக வேண்டுமானால், அதைக் கேட்டு வாங்குவோர் வேண்டும்.

வண்ண வேறுபாட்டை வகுப்பறையில் விமர்சித்துக் கட்டுரை எழுதும் கல்வியாளரின் இல்லத்திலும் திருமணம் நடக்கிறது. அங்கும் ஒருநாள் கலைஞரிடம் தொலைபேசியில் பேச வேண்டியிருக்கிறது. அந்த உரையாடலில் கட்டணத்தையும் நாளையும் கேட்பதற்கு முன், "பெண்ணின் நிறத்தை மாற்றாமல் ஒப்பனை செய்வீர்களா? உங்களோடு வருபவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு உணவும் வண்டியும் நாங்கள் ஏற்பாடு செய்யலாமா?" என்று அவர் கேட்க வேண்டும்.