பால் என்ன பாவம் பண்ணுச்சு?

எங்க அப்பா டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டுறவர். ஆனாலும் போன வருஷம் அவருக்கு வந்தது 'டென்னிஸ் எல்போ'. முழங்கை வெளிப்பக்கம் சுரீர்னு வலி, டீ கிளாஸைக்கூடத் தூக்க முடியலை. எக்ஸ்ரேல கடுகு சைஸ்ல ஒரு வெள்ளைப் புள்ளி. "கால்சியம் படிஞ்சிருக்கு"ன்னு டாக்டர் சொன்னதுதான் தாமதம், வெள்ளானூர்ல எங்க தெருவே வைத்தியம் பார்க்க ஆரம்பிச்சிடுச்சு. பாலை நிறுத்து, தயிரை நிறுத்து, முருங்கைக்கீரை கூடவே கூடாது! கடைசில, அம்மாவோட எலும்புத் தேய்மானத்துக்கு எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரையும் குப்பைக்குப் போயிடுச்சு. எனக்குக் கோபம் வந்ததே அங்கதான்.

மக்களே, குடிச்ச பால் வழிஞ்சு போய் முழங்கைல உட்காராது. மணிக்கட்டைத் தூக்குற தசையோட நார் வேலைப்பளுவால நைஞ்சு போற இடத்துலதான் அந்த உப்பு படியுது. பெரும்பாலானவங்களுக்கு ரத்தத்துல கால்சியம் சரியாவே இருக்கும். புள்ளி இருந்தாலும் இல்லாட்டியும் ஆரம்ப வைத்தியம் ஒண்ணுதான். கண்டுபிடிக்கப் பெரும்பாலும் டாக்டரோட விரலே போதும். வெளிப்பக்க எலும்பு முண்டை அழுத்தினா வலிக்கும். மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி எதிர்த்து அமுக்கினா அதே இடத்துல வலிக்கும்.

அடுத்தது ஸ்டீராய்டு ஊசி. அப்பாவுக்கு மூணு போட்டாச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாசம் சொர்க்கம், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. போட்ட இடத்துல தோல் வேற வெளுத்துப்போச்சு. 2006-ல பி.எம்.ஜே. இதழ்ல வந்த ஆஸ்திரேலிய ஆய்வுல, ஆறு வாரத்துல ஊசிக்காரங்கதான் முன்னாடி. வருஷக் கடைசில பிசியோதெரபி எடுத்தவங்களும், சும்மா காத்திருந்தவங்களும்கூட அவங்களைத் தாண்டிட்டாங்க. 2013-ல வந்த ஆய்வுல, மருந்தே இல்லாத போலி ஊசி போட்டவங்களைவிட இவங்க நிலைமை மோசம்.

"சச்சினுக்கே ஆபரேஷன் பண்ணாங்களே"ன்னு கேட்பீங்க. 2004-ல வந்த வலி மாசக்கணக்கா தீராமத்தான் 2005 மே மாசம் லண்டன்ல கத்தி வெச்சாங்க. அவ்வளவு தூரம் போறவங்க கொஞ்சப் பேர்தான்.

அப்புறம் ஏன் ஊசி? மறுநாளே லேத்துல நிக்கலாம், அதான். ஈ.எஸ்.ஐ. இருந்தா 70 சதவீதக் கூலியோட வருஷத்துக்கு 91 நாள் வரை நோய்க்கால உதவி வாங்கலாம். அப்பா பட்டறையில யாருக்கும் ஈ.எஸ்.ஐ. அட்டையே கிடையாது. ஓய்வெடுத்தா சம்பளம் கட்.

இப்போ ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் மேஜை மேல முன்கையை வெச்சு, அரை லிட்டர் தண்ணி பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறக்குறார். நாலு மாசமாச்சு. டீ கிளாஸ் தூக்குறார். ஸ்பேனர் இன்னும் வலிக்குதாம்.