வால்வை மாற்றுமுன்

மாணவர் விடுதிகளில் இந்நாளிற் புதிதாக இடம்பெற்றுவரும் ஒரு பொருளைப்பற்றி எம் கருத்தினை இவ்விதழ் வாயிலாக வெளியிட விரும்புகின்றோம். இரண்டு உள்ளங்கைகளை ஒருங்கு வைத்தாற்போன்ற அளவினதாய், நடுவே கண்ணாடி வால்வு ஒன்று நிமிர்ந்து நிற்க, ஒருபால் ஹெட்போனைச் செருகுந் துளையும், ஒருபால் ஒலியைக் கூட்டிக் குறைக்குங் குமிழும் உடையதாய் மேசைமேல் வீற்றிருக்கும் வால்வு ஆம்ப்ளிபயரே அஃது. சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கின்றமையின், உதவித்தொகையில் மிச்சம் பிடிக்கும் மாணவர்க்கும் எட்டும் பொருளாயிற்று. வாங்கியவர் சின்னாளிற் கேட்கும் வினா ஒன்றே: இதன் ஒலியை இன்னும் நன்றாக்குவது எங்ஙனம்? அவர் பெறும் விடையும் பெரும்பாலும் ஒன்றே: வால்வை மாற்றுக. இவ்விடையை யாம் மறுக்கின்றோம். முற்றும் பொய்யென்று கூறோம். கடைசியிற் செய்யத்தக்கதனை முதலிற் செய்யச் சொல்லி, ஏழை மாணவனின் பணப்பையை வறிதாக்கும் விடை என்கின்றோம்.

வால்வு யாதென முதற்கண் சிறிது கூறுதல் வேண்டும். காற்று நீக்கிய கண்ணாடிக் குழலினுள் இழையொன்று சூடேற, அச்சூட்டினால் எலக்டிரான்கள் எழுந்து எதிரேயுள்ள தகட்டை நாடிப் பாயும். இவ்வமைப்பினை 1904-இல் இங்கிலாந்திற் பிளெமிங் என்பார் கண்டார். 1906-இல் அமெரிக்கராகிய லீ டி பாரஸ்ட் என்பார் இடையே மூன்றாவதோர் உறுப்பினைப் புகுத்தினார்; அதுவே பின்னர்க் கம்பிவலையாய் அமைந்தது. அவ்வலையின் வோல்ட் சிறிது மாறினும் பாயும் மின்னோட்டம் பெரிதும் மாறும். மதகின் பலகையை ஒருவன் சாணளவு ஏற்றி இறக்க, ஏரிநீர் கழனிக்கு மிக்கும் குறைந்தும் பாய்வதுபோல் என்க.

மலிவான கருவிகளிற் பெரும்பாலும் காணப்படுவது 12ஏயூ7 என்னும் வால்வு. ஐரோப்பியர் அதனை ஈசிசி82 என்பர். 1940-களிற் பிறந்த இவ்வால்வு தகட்டில் 100 முதல் 250 வோல்ட் வரை பெற்று வேலை செய்தற்கென வகுக்கப்பட்டது. நம் மேசைமேல் உள்ள பெட்டிகள் பலவற்றில் அதற்குக் கிடைப்பதோ 24 வோல்ட்டே. யானைப் பசிக்குச் சோளப்பொரி! அவ்வளவிற் குறைந்த உணவோடு ஹெட்போனை அசைக்கும் வலிமை அதற்கில்லாமையின், அவ்வேலையை மாஸ்பெட் என்னுந் துண்டுகள் இரண்டு பின்னின்று செய்கின்றன. வால்வு ஒலிக்கு ஒரு சுவை ஊட்டுகின்றது. சுமையைத் தூக்குவன மாஸ்பெட்டுகளே.

அச்சுவைதான் யாது? உள்ளே புகுந்த ஒலியோடு அதன் இருமடங்கு அலையுடைய ஒலியையும் வால்வு சிறிது கலந்துவிடுகின்றது. பழந்தமிழ் இசைப்பெயராற் கூறின், குரலோடு மேற்குரலும் மெல்ல ஒலிக்கும் என்க. மும்மடங்கு அலை கலப்பின் அது மேற்குரலுக்கு மேலுள்ள இளியாம். இவை செவிக்குப் பகையாகாமையின், மிகாதவிடத்து இனிக்கும். ஆதலின் வால்வின் இனிமை உண்மையில் ஒரு சிறு சிதைவே. அதனை விரும்புதல் குற்றமன்று. பாயசத்தில் ஏலம் இடுவதை யார் குற்றம் என்பார்? ஏலத்தைப் பாலென்று சொல்லாதிருந்தாற் போதும். ஈண்டு ஒன்று கூறாதிருத்தல் அரிது. வால்வின் அடியிற் செம்மை அல்லது நீல நிறமுடைய எல்.இ.டி. விளக்கொன்றை மறைத்து வைத்து விற்கும் கருவிகள் உள்ளன. இழையின் இயல்பான ஒளி பகலிற் கண்ணுக்குப் புலப்படாத அளவினது. அதனை வாங்குவோர் கண்ணுக்குப் போதாதெனக் கருதிப் போலும் இவ்வொப்பனை செய்கின்றனர்!

இனி, ஒலியை உண்மையில் மாற்றுவன எவை என ஆராய்வாம். முதலாவது ஹெட்போனே. ஒவ்வொரு ஹெட்போனுக்கும் மின்னெதிர்ப்பு இத்தனை ஓம் என்று குறித்திருப்பர். கடைகளில் மலிந்தவை 32 ஓம் அளவின. சென்ஹைசர் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட எச்.டி. 600 போன்றவை 300 ஓம் அளவின. மலிவான வால்வுக் கருவிகள் பலவற்றில், ஹெட்போனுக்குச் செல்லும் வழியிலே கண்டன்சர் ஒன்று நிற்கின்றது. அது நேர்மின்னோட்டத்தைத் தடுத்து இசையை மட்டும் விடும். ஆயின் தாழ்ந்த சுரங்களையும் சிறிது தடுக்கும். எவ்வளவு தடுக்கும் என்பது ஹெட்போனின் ஓமைப் பொறுத்தது. 100 மைக்ரோபாரட் கண்டன்சரோடு 32 ஓம் ஹெட்போனை இணைப்பின், வினாடிக்கு 50 அலை என்னுமிடத்தே ஆற்றல் பாதியாய்க் குறைந்துவிடும். தேவாலயத்துப் பைப் ஆர்கனின் 16 அடிக் குழல் எழுப்பும் தாழ்ந்த சுரம் 33 அலையளவினது. அஃது அங்கே தேய்ந்துபோம். அதே கருவியில் 300 ஓம் ஹெட்போனைச் செருகுக, அவ்வெல்லை 5 அலைக்கு இறங்கிவிடும், ஆர்கனும் முழங்கும். ஒரு காசு செலவின்றி, அறைத்தோழரின் ஹெட்போனை அரைநாழிகை இரவல் வாங்கி அறியத்தக்க உண்மை இது. 32 ஓம் ஹெட்போனையே வைத்துக்கொள்ள வேண்டுமாயின், சாலிடரிங் அறிந்தவரைக் கொண்டு 470 மைக்ரோபாரட் கண்டன்சரை மாற்றின், எல்லை 11 அலை அளவிற்கு வரும். சென்னை ரிச்சி தெருவில் அதன் விலை ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் ஆகாது. வோல்ட் அளவு பழையதற்குக் குறையாததையும், முனைகள் இடம் மாறாமையையும் நோக்குக.

கண்டன்சரோடு கருவியின் உள்ளெதிர்ப்பும் கருதற்பாலது. மாஸ்பெட் துணையின்றி வால்வே நேரே ஹெட்போனை இயக்குங் கருவிகளில் அது நூறு ஓமையும் எட்டும். எச்.டி. 600 போன்றவற்றின் எதிர்ப்பு எங்கும் 300 ஆக நில்லாது, 100 அலைக்கு அணித்தாக 500 ஓமை ஒட்டி உயரும். உள்ளெதிர்ப்பு 120 ஓம் ஆகுமாயின், அவ்விடத்துத் தாழ்ந்த ஒலி ஏறத்தாழ 1 டெசிபெல் மிகும். "வால்வினால் வந்த நிறைவு" என்று அன்பர் பலர் புகழ்வதிற் பெரும்பங்கு இக்கணக்கே என்பது எம் துணிபு. ஹெட்போனின் எதிர்ப்பு கருவியின் உள்ளெதிர்ப்பிற்கு எட்டு மடங்கேனும் இருத்தல் வேண்டும் என்பது இத்துறையோர் கைக்கொள்ளும் பொது அளவு.

அடுத்தது இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று அலைவது. அதனால் எழும் முரல்வு 50, 100 அலைகளில் வண்டினம்போற் கேட்கும். எம் விடுதி நண்பர் ஒருவர் இம்முரல்வைப் போக்கவென்று, 1960-களில் இங்கிலாந்திற் செய்யப்பட்டதெனச் சொல்லப்பட்ட பழைய வால்வொன்றை ஆம்ப்ளிபயரின் விலைக்கு மேலாகவே கொடுத்து வாங்கினார். இரண்டு திங்கள் உணவுவிடுதிக் கட்டணம் அதனாற் பின்தங்கியது. வால்வு வந்தது, முரல்வு போகவில்லை. ஒருநாள் மாலை மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரினின்று பிடுங்கிய அக்கணமே முரல்வு நின்றது. கணினிக்கும் ஆம்ப்ளிபயருக்கும் தனித்தனியே வந்த மின்வழிகள் ஒன்றோடொன்று வளையமாய்ப் பிணைந்தமையே நோயின் காரணம். இரண்டையும் ஒரே பலகையிற் செருகியும், கேட்கும்போது கணினியைப் பாட்டரியில் ஓடவிட்டும் அந்நோயைத் தீர்த்தாயிற்று. வால்வை விற்றவர் திரும்பப் பெற மறுத்துவிட்டார்.

முரல்வன்றிக் கரகரப்புக் கேட்பின், கருவியோடு வந்த அடாப்டரை ஐயுறுக. எழுதிய வோல்ட்டும் முனைக்குறியும் மாறாமல், ஆம்பியர் குறையாமல், நல்லதொன்றை இட்டுப் பார்க்க. கைப்பேசியை வால்விற்கு அருகே வையாதொழிக. பென்சிலால் வால்வை மெல்லத் தட்டும்போது ஹெட்போனில் மணியொலி கேட்குமாயின், அது மேசையின் அதிர்வையும் பாட்டாக்கித் தருகின்றது என்பது பொருள். கருவியின்கீழ் ரப்பர்த் துண்டுகளை இடின் குறையும். கருவி நன்கு குளிர்ந்தபின் வால்வைக் கழற்றி ஊசிகளைத் துடைத்து இடுதலும் பலகால் பயன் தரும். இக்கருவிகள் பாட்டின்றி வாளா இருக்கும்போதும் சூட்டை உமிழ்வன. தமிழ் ஆனர்ஸ் மாணவர் சிலர் அதன்மேல் இலக்கண உரைகளை அடுக்கி வைத்திருப்பதைக் கண்டுள்ளோம். உரைக்கும் நன்றன்று, மாஸ்பெட்டிற்கும் நன்றன்று.

ஒலிக்குமிழைப்பற்றியும் ஒரு சொல். மலிவான குமிழ்கள் தொடக்கத்தில் இடச்செவிக்கும் வலச்செவிக்கும் ஒப்ப ஒலியை அளியா. பாடுவார் ஒருபுறம் சாய்ந்து நிற்பதுபோல் தோன்றுவது இதனாலாம். கணினியின் ஒலியளவைச் சிறிது தாழ்த்திக் குமிழை நடுவரை ஏற்றிக் கேட்பின் அக்குறை பெரும்பாலும் மறையும்.

இவையெல்லாம் செய்தபின் வால்வை மாற்ற விரும்புவார் மாற்றுக. பெங்களூரில் 1954-இல் நிறுவிய பாரத் எலக்டிரானிக்ஸ் ஒருகாற் செய்த வால்வுகள் பழைய ரேடியோ பழுதுபார்ப்போர் கடைகளில் அகப்படினும் அகப்படும். ஒன்பது ஊசி உடையன எல்லாம் ஓரினம் என்று எண்ணற்க. 12ஏயூ7-இன் இழைக்கு 12.6 வோல்ட் தருமாறு அமைந்த துளையில், 6.3 வோல்ட் இழையுடைய ஈசிசி88-ஐ இடின் அது கருகும். உள்ளே சரிசெய்யும் திருகிகள் உள்ள கருவிகளில், வால்வு மாறுந்தோறும் மீட்டரிட்டு அவற்றைத் திருத்துதல் வேண்டும். திருத்தாமையால் எழுஞ் சிதைவைப் புதுவால்வின் குணமென்று புகழ்ந்தாரையும் அறிவோம். 24 வோல்ட் பெட்டிகளைத் திறத்தல் பெரும்பாலும் தீங்கற்றது. நூறு வோல்ட்டிற்கு மேற்பட்டன உள்ள கருவிகளை, மின்சாரம் நிறுத்திய பின்னரும், அறியாதார் திறத்தலாகாது. கண்டன்சர்கள் உயிர்போக்கும் மின்னைத் தேக்கி வைத்திருக்கும்.

"இன்பத்திற்குக் கணக்கு ஏது? எனக்கு இனிக்கின்றது, அதுவே அமையும்" என்பார் உளர். அவரோடு எமக்கு வழக்கில்லை. அளவுகருவி கொண்டு நோக்கின், கைப்பேசியிற் செருகும் சிறு டாங்கிள் இவ்வால்வுப் பெட்டிகளை எளிதில் வெல்லும். அதனை அறிந்தும் வால்வின் இளஞ்செந்நிறத்தை விரும்பி இரவில் விளக்கணைத்துக் கேட்பது தனியோர் இன்பமே. எம் வழக்கு, அவ்வின்பத்தை உண்மையென விலைகூறி, கட்டணம் செலுத்தமாட்டாத மாணவன் தலையிற் கட்டுவாரோடு. பழைய 78 சுழற்சித் தட்டுகளினின்று பெயர்த்தெடுத்த பாடல்களில், மேற்சுரங்கள் தட்டிற் பதியும்போதே போய்விட்டன. எவ்வால்வும் அவற்றை மீட்டுத் தாராது.

இரண்டு வால்வுகளுள் எது நன்றெனத் துணிதற்குமுன் இரண்டின் ஒலியளவும் ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று சிறிதே உரத்திருப்பினும் செவி அதனையே சிறந்ததென்று கூறிவிடும். நாம் கேட்கும் ஒலியின் அளவு குறையுந்தோறும் தாழ்ந்த சுரங்கள் பின்னும் மெலிந்து கேட்கும் என்பதனைப் பிளெச்சர், மன்சன் என்பார் இருவரும் 1933-இலேயே அளந்து காட்டினர். நிறைவை நாடிக் குமிழை ஏற்றுவார்க்கு இதில் ஓர் இடரும் உண்டு. 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி வரையே கேட்கலாம் என 2019-இல் உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வரையறுத்தன. அதனின் 3 டெசிபெல் மிகுந்தோறும் காலம் பாதியாகும். 89 டெசிபெல்லுக்கு 5 மணியே. முரல்வை மறைக்கக் குமிழை ஏற்றும் வழக்கம் விடுதிகளில் மிக்குள்ளது. ஆகவே, முரல்வை வேரிற் களைதல் பணத்தை மட்டுமன்றிச் செவியையும் காக்கும். இழந்த செவிப்புலனுக்கு மாற்று வால்வு எக்கடையிலும் இல்லை.

எம் நண்பரின் பழைய வால்வையும் கருவியோடு வந்த வால்வையும் அவர் காணாவாறு மாற்றி மாற்றி இட்டு, ஒலியளவை மீட்டரால் ஒப்பாக்கி, எது எதுவெனக் கேட்டோம். அவர் கூறியவை நாணயத்தைச் சுண்டிக் கூறியனபோலவே அமைந்தன. வால்வு சூடேறச் சில நிமிடம் செல்லுமாதலானும், செவியின் நினைவு அத்துணைப்பொழுது நில்லாதாதலானும், இச்சோதனை ஐயத்திற்கிடமற்றது அன்று என அவர் வாதிக்கின்றார். அவ்வாதம் தக்கதே. ஆகலின் ஒரேவகைக் கருவிகள் இரண்டினை அருகருகே வைத்து, இரண்டையும் முன்னரே சூடேற்றி, நொடியில் மாற்றிக் கேட்குமாறு மீண்டும் செய்ய எண்ணியுள்ளோம். இரண்டாவது கருவி ஒன்றே குறை. வைத்திருப்பார் தம் வால்வோடும் தம் மறுப்போடும் விடுதிக்கு வருவாராக. துணியிட்டு மறைத்தற்குத் துண்டு எம்மிடம் உண்டு.