பூட்டு தமிழர் வீட்டில். திறவுகோல் எவர் கையில்?

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை – திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையை அடுத்து நிற்கின்றது இரஞ்சன்குடிக் கோட்டை. பதினேழாம் நூற்றாண்டில், ஆர்க்காட்டு நவாபின் கீழிருந்த நிலக்கிழார் ஒருவரால் எழுப்பப்பெற்றது அது. சூழ அகழி, படிப்படியாக உயர்ந்துசெல்லும் மதில்கள், அரைவட்டக் கொத்தளங்கள். 1751-ஆம் ஆண்டு சந்தா சாகிபும் அவர்க்குத் துணைவந்த பிரெஞ்சியரும் ஒருபால், முகம்மது அலியும் அவர்க்குத் துணைவந்த ஆங்கிலேயரும் மறுபாலாக இவ்வட்டாரத்தில் எதிரெதிர் நின்றனர். வாலிகொண்டாப் போர் என வரலாற்றேடுகள் குறிப்பது இதனையே. கோட்டைத் தலைவன் இருதிறத்தார்க்கும் முடிவு கூறாமல் நாள் கடத்தினான். பொறுமையிழந்த ஆங்கிலப் படை ஊரைத் தாக்கித் தீயிட்டது. கற்கோட்டையைப் பிடிக்க அதற்கு இயலவில்லை. அதன்மேல் அவன் பிரெஞ்சியர்க்குக் கதவைத் திறந்துவிட்டான். ஆங்கிலப் படை திருச்சிராப்பள்ளி நோக்கிப் பின்வாங்கியது.

இவ்வரலாற்றில் கற்கத்தக்கது ஒன்றுண்டு. மதிலின் வலிமை ஊராரைக் காக்கவில்லை. கதவைத் திறப்பதும் அடைப்பதும் எவன் கையில் இருந்தனவோ, அவன் தன் நலங்கருதி முடிவு செய்தான். தீயில் வீடிழந்தவரின் கருத்தை எவரும் கேட்டிலர்.

இற்றை நாளில் தமிழர் குடும்பத்தின் பேழை கைப்பேசிக்குள் இருக்கின்றது. நில உரிமை ஆவணத்தின் படி, பிள்ளைகளின் மதிப்பெண் சான்று, மறைந்த பெற்றோரின் ஒளிப்படம், மருத்துவர் எழுதிய மருந்துத்தாள், உறவினரோடு பேசிய பேச்சு, கடை வரவு செலவு என்றித்தனையும் கைப்பேசி வழியே வெளியேறி எங்கோ ஓரிடத்திற் சென்று தங்குகின்றன. 'எங்கே வைத்திருக்கின்றாய்?' என்று கேட்டால், 'முகிலில் இருக்கின்றது' என்பது விடை. முகில் என்பது வானத்தது, எவர்க்கும் உரிமையில்லாதது, எல்லார்க்கும் பொழிவது. அவ்வழகிய பெயரை எதற்குச் சூட்டியிருக்கின்றனர் என எண்ணிப் பார்த்தல் வேண்டும். அப்பெயருக்குரிய பொருள் சுவரும் கதவும் காவலும் உடைய ஒரு கட்டடம். அதனுள் இரவும் பகலும் இயங்கும் பிறர் கணினிகள். சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் அத்தகைய கட்டடங்கள் உள. சொல் மயக்குமாயின் சிந்தனையும் மயங்கும் என்பதைத் தமிழுணர்வாளர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 'முகிலில் வைத்தேன்' என்பதற்கு மாற்றாகப் 'பிறன் கணினியில் வைத்தேன்' என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்; உள்ளம் உடனே ஒரு வினாவை எழுப்பும்.

அவ்வினா வெற்று அச்சத்தினின்று எழுவதன்று. 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நடந்ததைப் பார்க்க. குசராத்து மாநிலம் வாடிநாரில் பெருங் கன்னெய்த் தூய்விப்பு ஆலை நடத்துவது நயாரா நிறுவனம். அதன் பங்கில் ஏறத்தாழப் பாதி உருசிய நிறுவனம் ஒன்றன் கையில் இருத்தலால், ஐரோப்பிய ஒன்றியம் அதன்மேல் பொருளியல் தடை விதித்தது. அத்தடை இந்தியச் சட்டமன்று. ஆயினும், அமெரிக்க நிறுவனமாகிய மைக்ரோசாப்ட்டு, நயாராவின் மின்னஞ்சலையும் அதனோடு சேர்ந்த பிற ஏந்துகளையும் நிறுத்தியது. நயாரா தில்லி உயர்முறைமன்றத்தை நாடியது. திங்கள் முடிவதற்குள் இணைப்பு மீண்டது. ஆயிரக்கணக்கான எரிநெய் விற்பனை நிலையங்களையுடைய ஒரு பெருநிறுவனத்திற்கே இந்நிலை! வழக்குரைஞரை அமர்த்த அதற்கு வலியிருந்தது. இரஞ்சன்குடியில் மக்காச்சோளம் விளைவிக்கும் ஓர் உழவனின் கணக்கை ஒருநாட் காலையில் மூடிவிட்டால், அவன் எந்த முறைமன்றம் ஏறுவான்?

அமெரிக்காவின் சான் பிரான்சிசுகோவில் நடந்தது இன்னுங் கொடிது. 2021-இல் நோயுற்ற தன் குழந்தையின் படத்தை மருத்துவர்க்கு அனுப்புதற்காக எடுத்தான் ஒரு தந்தை. கூகுளின் தன்னியங்குப் பொறி அதனைக் குற்றப்படமெனக் கொண்டது. அவனுடைய மின்னஞ்சல், ஒளிப்படங்கள், தொலைபேசி எண் அனைத்தும் ஒருங்கே அவனுக்கு மூடப்பட்டன. காவல் துறை ஆராய்ந்து அவன்மேற் குற்றமில்லை என்றது. அதன் பின்னரும் அந்நிறுவனம் கணக்கைத் திருப்பித் தரவில்லை என்று 2022-இல் செய்தித்தாள் வெளியிட்டது. அரசின் காவலர் விடுவித்த ஒருவனைக் கணக்கின் காவலர் விடுவிக்கவில்லை!

விலைகொடுத்து வாங்கியதும் வாங்கியவனுக்கு உரியதாகவில்லை. 2009-ஆம் ஆண்டு சூலையில் அமேசான் நிறுவனம், தான் விற்ற மின்னூல்களுட் சிலவற்றை, வாங்கியவர் கையிலிருந்த படிப்பான்களினின்றே தொலைவிலிருந்து அழித்தது. அவ்வாறு அழிக்கப்பட்டவற்றுள் ஒன்று, குடிமகனின் ஒவ்வோர் அசைவையும் கண்காணிக்கும் அரசைப் பற்றிச் சார்ச்சு ஆர்வெல் எழுதிய '1984'. பணம் திருப்பித் தரப்பட்டது. பின்னர் அந்நிறுவனம் தவற்றை ஒப்பிப் பொறுத்தருளவும் வேண்டியது. எனினும், வீட்டினுள் நுழையும் வழி விற்றவனிடம் உண்டென்பது அன்று உலகிற்குத் தெரிந்தது.

தமிழர்க்கே நேர்ந்த இழப்பும் உண்டு. இணையத் தமிழின் தொடக்கக் காலத்தில் 'மரத்தடி', 'அகத்தியர்' முதலிய குழுக்கள் யாகூ நிறுவனத்தின் இடத்தில் கூடின. தமிழகம், ஈழம், மலேசியா, சிங்கப்பூர் எனப் பல நிலத்துத் தமிழரும் அங்கே ஆண்டுக்கணக்கில் எழுதினர். 2019 திசம்பரில் அந்நிறுவனம் குழுக்களிற் சேர்ந்திருந்த எழுத்துகளை நீக்கியது. 2020 திசம்பரில் குழுக்களையே மூடியது. முன்னரே படியெடுத்து வைத்தவர் சிலரிடம் எஞ்சியதே எச்சம். பகைவன் எவனும் வரவில்லை. தீ எதுவும் மூளவில்லை. வரவு செலவுக் கணக்கில் ஆதாயமில்லை என்று ஒரு நிறுவனம் முடிவு செய்தது, அவ்வளவே.

இந்நிலைக்கு மாற்று என்ன? தன் தரவைத் தன் கணினியில், தன் கூரையின் கீழ், தன் திறவுகோலால் பூட்டி வைத்தலே மாற்று. இதனை 'வீட்டு வழங்கி' எனலாம். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டுவதில்லை. அலமாரியில் தூங்கும் பழைய மடிக்கணினி ஒன்று போதும். அன்றிக் கையளவேயான இராசுபெரி பை போன்ற சிறுகணினி போதும். அதனோடு ஒரு வன்வட்டு. இயங்குதளமாக இலினக்சு, அதன்மேல், கோப்புகளையும் நாட்காட்டியையும் முகவரிகளையும் பேணுதற்கு 'நெக்சுட்கிளவுடு', ஒளிப்படங்களுக்கு 'இம்மிச்சு'. இவையனைத்தும் கட்டற்ற மென்பொருள்கள், விலையின்றிக் கிடைப்பன, நிரல் வரிகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், தமிழாக்கலாம். ஐந்து வாட்டு ஆற்றலில் இயங்கும் சிறுகணினி முப்பது நாளும் ஓயாது ஓடினால் செலவாகும் மின்னாற்றல் 3.6 அலகே. ஒரு சிறு விளக்கின் செலவு!

வீட்டினுள் இவ்வழங்கி இயங்குதற்கு வெளியிணைப்பும் வேண்டா. 2018 மே இறுதியில் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டையொட்டி, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் அரசு இணையத்தை நிறுத்தியது. அந்நாளில் பிறன் கணினியில் வைத்திருந்தோர்க்குத் தம் ஆவணமே எட்டாக் கனியாயிற்று. வீட்டு வழங்கியோ வீட்டார்க்கு அன்றும் கதவு திறந்திருக்கும்.

வெளியூரிலிருந்து அதனை எட்டுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனை மறைத்தல் ஆகாது. இணையம் தரும் நிறுவனங்கள் பல, நூறு வீடுகளுக்கு ஒரே பொதுமுகவரியைப் பகிர்ந்தளிக்கின்றன. ஆகலின் வெளியிலிருந்து வருவோன் குறிப்பிட்ட வீட்டைக் கண்டடைதல் அரிது. 'வயர்கார்டு' என்னும் மென்பொருளால் கைப்பேசிக்கும் வழங்கிக்கும் இடையே மறையாக்கப்பட்ட தனிவழி அமைத்தால் அவ்விடர் நீங்கும். அவ்வழி கடந்துசெல்ல வெளியே சிறு கணினியொன்றைக் குடிக்கூலிக்கு அமர்த்த நேரினும், அஃது உறையிட்ட மடலை ஏந்திச் செல்லும் ஏவலனாக இருக்குமேயன்றி மடலைப் பிரித்துப் படிக்க அதற்கியலாது. மின்னஞ்சல் வழங்கியை மட்டும் தொடக்கத்தில் வீட்டில் அமைக்க முயலாதிருத்தல் நன்று. வீட்டு முகவரியினின்று வரும் அஞ்சலைப் பெருநிறுவனங்கள் குப்பையெனத் தள்ளுதல் பெருவழக்கு.

தடை கூறுவோர் உளர். 'வீட்டில் வைத்தால் தீப்பிடிக்காதா? திருடு போகாதா? வட்டுப் பழுதாகாதா?' என்பர். தீப்பிடிக்கும், திருடு போகும், பழுதும் ஆகும். 1981 மே 31 இரவு மூண்ட தீயில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. வேறெங்கும் படியில்லாத ஏடுகள் அவற்றோடு உலகினின்றே மறைந்தன. அவ்விழப்பு கற்பித்த பாடம், 'நூலை வலியவனிடம் ஒப்படை' என்பதன்று. 'ஒரே படியை ஓரிடத்தில் வையாதே' என்பது. 2005-இல் ஈழத் தமிழர் தொடங்கிய 'நூலகம்' எண்ணிமத் திட்டம் அப்பாடத்தின் விளைவு. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும் எவரும் படியெடுத்துப் பரப்பலாம் என்னும் இசைவோடு இலக்கியங்களை வெளியிட்டது; ஆகலின் அதன் நூல்கள் ஆயிரம் வீடுகளில் வாழ்கின்றன. மூன்று படி, இருவகைக் கருவி, அவற்றுள் ஒன்று வேற்றூரில் என்பது கணினியாளர் வகுத்த காப்பு நெறி. பெரம்பலூரில் ஒன்றும் அரியலூரில் உள்ள உடன்பிறந்தார் வீட்டில் ஒன்றும் மறையாக்கி வைத்தால், ஒரு கூரை எரியினும் உடைமை எரியாது.

வேறு சிலர், 'அயலான் நிறுவனம் வேண்டா. தமிழகத்து நிறுவனமே இப்பணியைச் செய்கின்றதே' என்பர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ, தென்காசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்தும் மென்பொருள் ஆக்குவதும், தன் செய்திச் செயலிக்கு 'அரட்டை' எனத் தமிழ்ப்பெயர் இட்டதும் பாராட்டத்தக்கன. அயலான் அரசின் ஆணைக்கு அஞ்சும் நிலையினின்று இது விடுதலையே. 2018-இல் இயற்றிய சட்டத்தால், தன்னாட்டு நிறுவனங்கள் எந்நாட்டில் வைத்துள்ள தரவையும் உரிய ஆணையின்வழிக் கேட்டுப்பெற அமெரிக்க அரசு உரிமை கொண்டுள்ளமை ஈண்டு எண்ணத்தக்கது. ஆயினும், வீட்டுக்காரன் தமிழனாயினும் குடிக்கூலிக்கு இருப்போன் குடிக்கூலிக்கு இருப்போனே. நிறுவனம் கைமாறலாம், நெறி மாறலாம், நடுவணரசின் ஆணைக்கு அதுவும் உட்பட்டதே. நல்லவனிடம் திறவுகோலைக் கொடுத்தல் ஒன்று. திறவுகோலைத் தானே வைத்திருத்தல் மற்றொன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் அடிமையுள்ளத்தின் அடையாளம்.

பெரம்பலூர் உழவர்க்கு இவ்வேறுபாடு நன்கு தெரியும். கலப்பின மக்காச்சோள விதையைப் பருவந்தோறும் கடையில் வாங்கியாதல் வேண்டும். விலையை விற்பவன் வைப்பான். சின்ன வெங்காயமோ, அறுத்த காயிற் பொறுக்கியெடுத்துப் பட்டறை போட்டுக் காத்தால், அடுத்த நடவுக்கு அதுவே விதையாகும். பட்டறை போடுவது தொல்லையே. ஈரம் பார்க்க வேண்டும், அழுகியதை நீக்க வேண்டும், காற்றோட்டம் காக்க வேண்டும். அத்தொல்லைக்குக் கிடைக்கும் ஊதியம், கையேந்தாமை. வீட்டு வழங்கிக்கும் அத்தொல்லை உண்டு. கிழமைக்கொரு முறை மென்பொருளைப் புதுப்பித்தல், படிகள் உயிரோடு உள்ளனவா என மீட்டெடுத்துப் பார்த்தல், வலிய கடவுச்சொல் வைத்தல், மின்னாற்றல் தடைப்படுங்கால் தாங்கும் மின்கலம் வைத்தல் ஆகியவற்றைச் செய்யாதவன் வீட்டு வழங்கி, கதவில்லாக் கோட்டையாகும்.

ஒவ்வொரு குடும்பமும் இதனைச் செய்தல் இயலாது என்பது உண்மையே. ஊருக்கு ஒரு கிணறு போல மன்றத்திற்கு ஒரு வழங்கி இருக்கலாமே! இதே நெடுஞ்சாலையில் வடக்கே உள்ள விழுப்புரத்தில், இலினக்சுப் பயனர் குழுவினர் சிற்றூர் மாணவர்க்குக் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்பித்து வருகின்றனர். சிற்றூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது கைவராத கலையன்று என்பதற்கு அதனின் வேறு சான்று வேண்டா. ஒரு மாவட்டத் தலைநகரில் முடிந்தது பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஏன் முடியாது?

ஈண்டுத் தமிழியக்கத்தார் தம்மைத் தாமே வினவிக்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. இயக்க இதழ்களின் பழைய தொகுதிகள், மறைந்த அறிஞர்தம் உரைப்பதிவுகள், போராட்டக் காலத்து ஒளிப்படங்கள், உறுப்பினர் முகவரிப் பட்டியல் இவையெல்லாம் இன்று எங்குள்ளன? முகநூலிலும் வலையொளியிலும் புலனக் குழுவிலும், ஒரே ஒருவர் அறிந்த ஒரே கடவுச்சொல்லின் பின்னும் இருக்குமாயின், ஆட்சி மொழி குறித்து முழங்கும் இயக்கம் தன் நினைவையே பிறனிடம் அடகு வைத்துள்ளதென்றே பொருள். உறுப்பினர் பட்டியல் பிறன் கையிற் கிடப்பது, அவ்வுறுப்பினரின் பாதுகாப்பையே பணயம் வைப்பதாகும்.

ஆகலின் செய்யவேண்டியவை தெளிவானவை. இத்திங்களிலேயே, பிறன் கணினியிலுள்ள அனைத்தையும் ஒருமுறை படியெடுத்து வன்வட்டில் இறக்குக. கூகுள் முதலிய நிறுவனங்கள் அதற்கு வழி வைத்துள்ளன. அடுத்து, மன்றத்தின் பெயரில் ஓர் இணைய முகவரியைப் பதிவு செய்க. பின்னர்ப் பழைய கணினியொன்றில் வழங்கியை நிறுவி, இளைஞர் இருவரை அதன் காப்பாளராக அமர்த்துக. ஒருவர் போயின் மற்றவர் இருப்பார். இரண்டாம் படியை வேற்றூர் மன்றத்தில் வைத்து, அவர்தம் படியை இங்கு வாங்கி வைக்க. மென்பொருளில் ஆங்கிலச் சொல் கண்டவிடத்துத் தமிழ்ச்சொல் ஆக்கித் தருக. மேடையில் உரிமை கேட்போர் வீட்டிலுள்ள உரிமையை முதலிற் கைக்கொள்க.