இரண்டு பழைய கார்களும் ஒரு பெரியப்பாவும்

கடந்த மாதம் கட்டாரிலிருந்து தம்பியின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "பெரியப்பா, ரெண்டு கார் பாத்து வச்சிருக்கேன். ஒன்னுதான் வாங்க முடியும். நீங்க சொல்றதுதான் முடிவு" என்றான். எட்டு வருடங்கள் பாலைவன வெயிலில் குளிரூட்டி பூட்டிச் சேர்த்த பணம் அது.

ஒன்று, 1958ஆம் ஆண்டின் எம்.ஜி.ஏ. (எம்.ஜி. என்றதும் நாவலப்பிட்டியில் பிறந்தவரை நினைத்துவிட வேண்டாம். இது மொரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம்.) பண்டாரவளையில் ஒருவரின் கொட்டகையில் நிற்கிறது. மற்றது 2004ஆம் ஆண்டின் மஸ்டா ஆர்.எக்ஸ்.-8, நுகேகொடையில். இரண்டுக்கும் கேட்கப்பட்ட விலை ஏறக்குறைய ஒன்றே. இரண்டுமே அப்புத்தளைக்குப் பொருத்தமற்றவை என்பது என் முதல் அபிப்பிராயம். ஆனால் அவன் கேட்ட கேள்வி அதுவல்லவே.

பேராதனையில் வரலாறு படித்து, முப்பது வருடங்களாகச் செய்தி எழுதிவரும் ஒருவனிடம் காரைப் பற்றிக் கேட்பதற்கும் ஒரு காரணம் உண்டு. எங்கள் அப்பா தோட்டத்துத் துரையின் கார்க் கொட்டகையில் வேலை பார்த்தவர். அந்தத் துரையிடம் இருந்ததும் இதேபோல ஓர் எம்.ஜி.ஏ. தான். காலையில் அதைக் கழுவுவதும், பனிமூட்டத்தில் அது கிளம்ப மறுக்கும்போது பின்னால் நின்று தள்ளுவதும் அப்பாவின் வேலை. ஒருநாளும் அதன் ஆசனத்தில் அவர் உட்கார்ந்ததில்லை. 1975இல் வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டபோது, துரை காரை விற்றுவிட்டுக் கப்பலேறினார்.

ஆகவே என் தம்பி ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "அப்பா தள்ளுன காரை எம்மகன் காசு குடுத்து வாங்குறதா?" உண்மையில் எனக்கும் முதலில் ஜப்பான் கார் பக்கமே மனம் சாய்ந்தது. அதில் துரை இல்லை, பங்களா இல்லை, பழைய கணக்கு எதுவும் இல்லை.

ஆனால் விசாரிக்க விசாரிக்க அந்தச் சாய்வு நிமிர்ந்துவிட்டது.

ஆர்.எக்ஸ்.-8இன் எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவான இரண்டு சுழலிகள், முட்டைபோன்ற அறைக்குள் சுழல்கின்றன. பெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியரின் கண்டுபிடிப்பு. முக்கோணத்தின் முனைகளில் உள்ள மெல்லிய சீல்களே அதன் உயிர்நிலை. அவை தேய்ந்தால் அமுக்கம் குறையும். அமுக்கம் குறைந்தால் கார் சூடாக இருக்கும்போது கிளம்பாது. 1967இல் இந்த எஞ்சினுடன் கார் விற்ற என்.எஸ்.யூ. நிறுவனம், சீல்கள் தேய்ந்து வந்த கார்களுக்கெல்லாம் மாற்று எஞ்சின் கொடுத்தே நொந்துபோய், இரண்டே வருடத்தில் வொக்ஸ்வாகனின் கைக்குள் போனது. மஸ்டா விடாப்பிடியாக நின்று 1991இல் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தையே இதே இனத்து எஞ்சினால் வென்றது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் பந்தயத்தில் வென்றவர்களுக்கு எஞ்சினைப் பிரித்துக் கட்ட ஒரு படையே இருந்தது. எங்களுக்கு இருப்பவர் பண்டாரவளையில் ஒரு மெக்கானிக். வேலை தெரிந்தவர்தான், ஆனால் அந்த எஞ்சினின் அமுக்கத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டும், அது அவரிடம் இல்லை. ஆகக் கொழும்பில் ஆளைத் தேட வேண்டும், சுழலி அறைக்கும் சீலுக்கும் ஜப்பானைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, கொட்டகையிலிருந்து வாசலுக்கு எடுத்து, உடனே நிறுத்தினால் உள்ளே பெற்றோல் தேங்கி மறுபடி கிளம்பாது. வருடத்தில் பாதி நாள் பனி மூடிக்கிடக்கும் அப்புத்தளையில் இது எப்படி? தவிர, அந்த எஞ்சின் எண்ணெயையும் சேர்த்து எரிக்கும்படியே வடிவமைக்கப்பட்டது. அடிக்கடி அளவுகோலை உருவிப் பார்க்க மறந்தவர் கதை அதோடு முடிந்தது.

பெற்றோல் கணக்கு வேறு. மலைப்பாதையில் லீற்றருக்கு ஏழு கிலோமீற்றர் போனால் பெரிய காரியம். 2022 ஓகஸ்டில் கியூ.ஆர். அட்டையைக் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் வாங்கிய நாட்களை நம் நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த 20 லீற்றரில் இந்தக் கார் அப்புத்தளையிலிருந்து கொழும்பைத் தொட்டிருக்காது.

இனித் துரையின் கார். அது ஒன்றும் உத்தமம் அல்ல. கதவுக்கு வெளியே கைபிடி கிடையாது, ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் பக்கத்திரையை எடுத்து மாட்ட வேண்டும். கால்வைக்கும் தளம் மரப்பலகை. நம் ஈரத்தில் அறுபது வருடம் கிடந்த பலகை எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நான் போய் ஒரு விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. பலகையை மாற்ற நம்மூர்த் தச்சனே போதும். அதன் ஓரத்து இரும்பு துருப்பிடித்திருந்தால்தான் செலவு. ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுபோனதால், வால்வு இருக்கைகளை உறுதியானவையாக மாற்ற வேண்டும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை முன்சில்லு மூட்டுகளுக்குக் கிறீஸ் அடிக்க வேண்டும். நாலாயிரத்து எழுநூறு அடி உயரத்தில் காற்று மெலிது என்பதால் கார்புரேட்டர்கள் இரண்டையும் திருத்தி வைக்க வேண்டும்.

ஆயினும் இவையெல்லாம் மனிதன் கையால் செய்யக்கூடிய வேலைகள். காரணம், அந்தக் காரின் இதயம் சாதாரணமானது. 1,489 சி.சி. கொண்ட அந்த 'பி' வரிசை எஞ்சின்தான் ஒஸ்டின் கேம்பிரிஜிலும் மொரிஸ் ஒக்ஸ்போர்டிலும் இருந்தது. இந்தியாவில் அதுவே அம்பாசடருக்குள் புகுந்தது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கோத்தகிரிக்கு அனுப்பப்பட்ட எங்கள் சித்தப்பா, அங்கே வாடகைக்கு ஓட்டியது ஓர் அம்பாசடர். துரையின் சீமைக் காருக்குள் இருந்ததும் நாடு கடத்தப்பட்ட கூலிக்காரன் ஓட்டிய டாக்சிக்குள் இருந்ததும் ஒரே எஞ்சின்தான். துரையினுடையதில் கார்புரேட்டர் ஒன்று அதிகம். இதை அறிந்தபோது நான் சற்று நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். பண்டாரவளை மெக்கானிக்கிடம் சொன்னேன். "கேம்பிரிஜ் எஞ்சினா சேர்? கொண்டாங்க" என்றார். இந்தக் காரின் உதிரிப்பாகங்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். தபாலில் வரும், வரியைக் கட்டி எடுக்க வேண்டும்.

எனவே என் முடிவு எம்.ஜி.ஏ. வாங்கும் விலையைப் பார்த்துப் பழைய காரைத் தேர்ந்தெடுப்பது, பெண்ணைப் பார்க்காமல் சீர்வரிசையைப் பார்த்துக் கல்யாணம் முடிப்பது போன்றது. கெட்டுப்போனால் யார் திருத்துவார், அவர் எத்தனை மைல் தொலைவில் இருக்கிறார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். விலையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொள், அது இல்லாவிட்டால் இரண்டையும் விட்டுவிடு என்றும் சொன்னேன்.

இன்னொரு நிபந்தனையும் போட்டேன். அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் பாதையில் இரண்டாம் கியரை விட்டு மேலே போகக்கூடாது. நாலு சில்லிலும் பழைய டிரம் பிரேக், சூடேறினால் பிடிக்காது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். வேகத்தைப் பற்றி நான் அவனுக்கு வேறு எதுவும் சொல்லவில்லை.

உறவினர் சிலர் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: லயத்தில் பிறந்த பிள்ளைக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு, அந்தப் பணத்தில் வீடு கட்டலாமே? கொழும்பு வியாபாரியின் மகன் இதே காரை வாங்கினால் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதை வாங்கிக் கொடுக்கவே எத்தனை மேடை, எத்தனை வாக்குறுதி! வீட்டுக்குக் காணி கொடுப்பது அரசும் கம்பனியும் செய்ய வேண்டிய வேலை. அதற்காக இவன் தன் ஆசையைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. பயனில்லாத ஒரு பொருளை வைத்துக்கொள்ளும் உரிமை துரைக்கு மட்டும் எழுதிவைக்கப்பட்டதல்ல.

தம்பி இன்னமும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது, காது மந்தம். நேற்று அருகில் உட்கார்ந்து விஷயத்தைச் சத்தமாகச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சீட்டுக்குப் பின்னால ரெண்டு பேட்டரி இருக்கும். ஆறு வோல்ட்டு. அந்தப் பெட்டி உளுத்திருக்கும், பாத்தியா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. நாளை மறுபடி பண்டாரவளைக்குப் போகிறேன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு.