வீடு ஒரு ஊரில், விமானம் ஒரு ஊரில்!

அமெரிக்காவின் மேற்குக் கோடியில் சியாட்டில் என்று ஒரு நகரம் இருக்கிறது. 2009-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி இரவு, அந்த ஊர் விமான நிலையத்தில் ஒரு பெண் விமானம் ஏறினார். அவர் ஒரு துணை விமானி. வயது 24. பெற்றோர் வீட்டில் இருந்து வேலைக்குப் புறப்பட்டு விட்டார்.

அவருக்கு வேலை எந்த ஊரில் தெரியுமா? கிழக்குக் கோடியில், நியூயார்க் நகரை அடுத்த நியூவார்க்கில்! இடையே உள்ள தூரம் சுமார் 2,400 மைல். சென்னையில் இருந்து டெல்லிக்கு ஆகாய வழியில் உள்ள தூரத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

பார்சல் ஏற்றிச் செல்லும் விமானம் ஒன்றில் அவருக்கு ஓசியில் ஒரு இடம் கிடைத்தது. அதில் மெம்பிஸ் நகரத்துக்கு வந்தார். அங்கே நள்ளிரவு தாண்டி விட்டது. அங்கிருந்து இன்னொரு பார்சல் விமானம். நியூவார்க்கில் இறங்கியபோது காலை 6.23 மணி.

அந்த ஊரில் அவருக்கு வீடு இல்லை. விமான ஊழியர்களின் ஓய்வறையில் ஒரு சோபாவில் படுத்து, சற்று நேரம் கண் அயர்ந்தார். உடம்பில் ஜலதோஷம் வேறு. பிற்பகல் 1.30 மணிக்கு வேலைக்கு ஆஜர். பலத்த காற்று காரணமாக விமானங்கள் தாமதம் ஆயின. இரவு 9.18 மணிக்குத்தான் அவருடைய விமானம் பபலோ நகரத்துக்குக் கிளம்பியது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பபலோவை நெருங்கும்போது விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் இறந்தார்கள். வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டார். மொத்தம் 50 உயிர்கள்!

நடந்தது என்ன?

விமானத்தின் வேகம் அளவுக்கு மேல் குறைந்து விட்டது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை. ஆபத்து என்று எச்சரிக்க, விமானியின் கைப்பிடி தானாக நடுங்கியது. அப்போது விமானத்தின் மூக்கைக் கீழே தாழ்த்தி, வேகத்தைக் கூட்ட வேண்டும். கேப்டனோ கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தார். மூக்கு மேலே தூக்கியது. விமானம் நிலை தடுமாறி விழுந்தது.

கேப்டனின் வீடு புளோரிடா மாகாணத்தில். அவரும் வெளியூரில் இருந்து வேலைக்கு வருகிறவர்தான். முந்தின இரவை அவரும் அந்த ஓய்வறையிலேயே கழித்தார் என்று விசாரணையில் தெரிந்தது. அங்கே இரவில் தங்கித் தூங்கக் கூடாது என்பது கம்பெனி விதி. விதி இருந்தது. கட்டில் இல்லை!

விசாரணை செய்த போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010-ல் அறிக்கை கொடுத்தது. கேப்டன் தவறாகச் செயல்பட்டதே விபத்துக்குக் காரணம் என்றது. இரண்டு விமானிகளும் களைப்பாக இருந்திருக்கலாம். ஆனால் களைப்பின் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியவில்லை என்றும் கூறியது.

அந்த அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருந்தது. கோல்கன் ஏர் என்ற அந்தக் கம்பெனியில், நியூவார்க்கைச் சேர்ந்த விமானிகள் 137 பேர். அவர்களில் 93 பேர் வெளியூரில் இருந்து வருகிறவர்கள். 29 பேருடைய வீடுகள் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தன!

ஏன் இந்த அலைச்சல்?

அரக்கோணத்தில் வீடு, சென்னையில் வேலை என்று தினமும் ரயிலில் வருகிறவர்களை நாம் பார்க்கிறோம். அமெரிக்க விமானியின் கதையும் அதே போலத்தான். ரயிலுக்குப் பதில் விமானம்.

விமானிக்கு ஒரு சௌகரியம் உண்டு. தினமும் வேலைக்குப் போக வேண்டியது இல்லை. மூன்று நாள், நான்கு நாள் சேர்ந்தாற்போல் விமானம் ஓட்டுவார். பிறகு சில நாள் விடுமுறை. மாதத்தில் நான்கைந்து தடவை போய் வந்தால் போதும். அப்படியானால் பிடித்த ஊரில் குடியிருக்கலாமே என்று நினைப்பது இயற்கை.

வரியும் ஒரு காரணம். அமெரிக்காவில் மத்திய சர்க்காருக்கு வரி கட்டுவதோடு, பல மாகாணங்களுக்கும் தனியாக வருமான வரி கட்ட வேண்டும். புளோரிடா, டெக்சாஸ் போன்ற சில மாகாணங்களில் அந்த வரி கிடையாது. விமானியின் சம்பளத்துக்குப் பெரும்பாலும் அவர் குடியிருக்கும் மாகாணம்தான் வரி போட முடியும் என்று சட்டம் இருக்கிறது. ஆகவே புளோரிடாவில் வீடு, நியூயார்க்கில் வேலை என்றால் பணம் மிச்சம்.

இப்படி வசதி பார்த்துத் தூரத்தில் குடியிருப்பவர்களைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியது இல்லை. நல்ல சம்பளம் வாங்கும் மூத்த விமானி முந்தின நாளே வந்து, ஓட்டலில் அறை எடுத்துத் தூங்குவார்.

வேறு வழி இல்லாமல் அலைகிறவர்களின் கதைதான் வேறு.

ஊர் மாறுகிறது, வீடு மாறவில்லை

விமானி எந்த ஊரில் இருந்து வேலையைத் தொடங்க வேண்டும் என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்கிறது. அந்த ஊருக்கு 'பேஸ்' என்று பெயர். எந்த பேஸ், எந்த விமானம், எந்த நாள் விடுமுறை எல்லாமே சீனியாரிட்டிப்படிதான். முதலில் சேர்ந்தவர் முதலில் தேர்ந்து எடுப்பார். கடைசியில் சேர்ந்தவருக்கு மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளியது கிடைக்கும். பெரும்பாலும் அது நியூயார்க்! அங்கே வீட்டு வாடகையைக் கேட்டாலே தலை சுற்றும்.

சரி, வாடகை கொடுத்துக் குடியேறி விட்டார் என்று வைத்துக் கொள்வோம். அந்த பேஸ் எத்தனை நாள் இருக்கும்? 2004-ல் யு.எஸ். ஏர்வேஸ் கம்பெனி பிட்ஸ்பர்க் நகரத்தில் தன் விமானங்களை வெகுவாகக் குறைத்தது. 2005-ம் ஆண்டு தொடக்கத்தில் டெல்டா கம்பெனி டல்லாஸ் நகரத்தில் இருந்த தன் மையத்தை மூடியது. கம்பெனி கடையைக் கட்டிக் கொண்டு போகலாம். விமானியின் மனைவிக்கு அந்த ஊரில் வேலை. பிள்ளைகள் பத்தாம் வகுப்பு. கடன் வாங்கிக் கட்டிய வீடு. வயதான தாய், தந்தை. இத்தனையையும் பெட்டியில் போட்டு எடுத்துக் கொண்டு போக முடியுமா?

"நான் மட்டும் போய் வருகிறேன்" என்கிறார் விமானி. அங்கேதான் அலைச்சல் தொடங்குகிறது.

நாற்காலி கிடைக்குமா?

விமானிக்கு விமானத்தில் டிக்கெட் வேண்டாம். ஆனால் இடம் காலியாக இருந்தால்தான் ஏறலாம். பயணிகள் எல்லோரும் ஏறி முடியும் வரை வாசலில் காத்து நிற்க வேண்டும். இடம் இல்லை என்றால் இன்னொரு வழி உண்டு. விமானி அறைக்குள்ளே, ஓட்டுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால், ஒரு சிறு மடக்கு நாற்காலி இருக்கும். 'ஜம்ப் சீட்' என்பார்கள். அந்த விமானத்தின் கேப்டன் சம்மதித்தால் அதில் உட்காரலாம். வேறு கம்பெனி விமானி என்றாலும் இடம் கொடுப்பார்கள். இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்ற கணக்கு!

ஒரு நாற்காலிக்கு மூன்று விமானிகள் வந்து நின்றால்? பனி பெய்து விமானம் ரத்தானால்? பிற்பகல் வேலைக்கு விடியற்காலையிலேயே வீட்டை விட்டுக் கிளம்புவது இந்தப் பயத்தால்தான். சீட்டில் உட்கார்ந்து முதல் விமானத்தை ஓட்டத் தொடங்கும்போதே, அவர் எழுந்து பத்து மணி நேரம் ஆகியிருக்கும்.

தங்குவதற்கு என்ன செய்வார்கள்? விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைப் பல பேர் சேர்ந்து வாடகைக்குப் பிடிப்பார்கள். 'கிராஷ் பேட்' என்று அதற்குப் பெயர். ஒரு அறையில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குக் கட்டில்கள். சில வீடுகளில் கட்டில்கூடச் சொந்தம் இல்லை. ஒருவர் எழுந்து போனதும் அடுத்தவர் தன் போர்வையை விரித்துக் கொள்வார். நியூயார்க்கில் கியூ கார்டன்ஸ் என்ற பகுதியில் விமான ஊழியர்கள் இப்படி நிறையத் தங்கியதால், அதற்கு 'குரூ கார்டன்ஸ்' என்றே பட்டப் பெயர் வந்து விட்டது. குரூ என்றால் விமான ஊழியர் கூட்டம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் வேடிக்கை இன்னும் அதிகம். கார் நிறுத்தும் இடத்தில், சக்கரம் வைத்த வண்டி வீடுகளில் விமானிகள் தங்கினார்கள். 2009-ல் இந்தச் செய்தி பத்திரிகைகளில் வந்தது. தலைக்கு மேலே விமானங்கள் இறங்கிக் கொண்டிருக்க, கீழே விமானிகள் தூங்கப் பாடுபட்டார்கள்!

சட்டம் எங்கே நிற்கிறது?

பபலோ விபத்தில் உறவினரை இழந்த குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை. படங்களைக் கையில் ஏந்தி வாஷிங்டனுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். 2010 ஆகஸ்டு 1-ந் தேதி புதிய சட்டத்தில் ஜனாதிபதி ஒபாமா கையெழுத்துப் போட்டார். பயணி விமானத்தில் துணை விமானியாகச் சேரவே, பொதுவாக 1,500 மணி நேரம் விமானம் ஓட்டியிருக்க வேண்டும் என்று ஆயிற்று. 2014 ஜனவரி முதல் ஓய்வு விதியும் மாறியது. வேலைக்கு முன்னால் 10 மணி நேர ஓய்வு; அதில் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு. (பார்சல் விமானக் கம்பெனிகளுக்கு இந்த விதி கட்டாயம் இல்லை. பார்சல் விமானிக்குத் தூக்கம் வராதா, என்ன?)

ஆனால் வீட்டில் இருந்து வேலை ஊருக்கு வரும் பிரயாணம்? அது வேலை நேரத்தில் சேராது. அந்த 10 மணி நேர ஓய்விலேயே விமானி 2,000 மைல் பறந்து வரலாம். கேட்பார் இல்லை. "களைப்பு இல்லாமல் வர வேண்டியது உன் பொறுப்பு" என்று சட்டம் சொல்லி நிறுத்திக் கொள்கிறது.

இதைப் பற்றி ஆராய அமெரிக்க விஞ்ஞானக் கழகத்தின் நிபுணர்களைக் கேட்டார்கள். 2011-ல் அவர்கள் அறிக்கை வந்தது. தூரத்தை வைத்துத் தடை போட ஆதாரம் போதாது என்றார்கள். அது நியாயம்தான். ஆயிரம் மைல் தாண்டி முந்தின நாள் வந்து நன்றாகத் தூங்கியவரை விட, பக்கத்து ஊரில் இருந்து விடியற்காலையில் மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்தவர் களைத்திருக்கலாம். வேலைக்கு முன்னால் 6 மணி நேரமாவது தூங்குங்கள், வேலை முடியும்போது கண் விழித்து 16 மணி நேரத்துக்கு மேல் ஆகாதபடி பார்த்துக் கொள்ளுங்கள் என்று விமானிகளுக்கு யோசனை சொன்னார்கள்.

நல்ல யோசனை. ஆனால் தூங்க இடம்? அதற்கு யார் பணம் கொடுப்பது?

வெளியூரில் குடியிருக்கக் கூடாது என்று உத்தரவு போடுவதை நான் ஒப்புக் கொள்ள மாட்டேன். பேஸை இஷ்டப்படி மாற்றும் கம்பெனி, குடும்பத்தையும் கூடவே மாற்று என்று சொல்வது கொடுமை. அதே சமயம், "எங்கே குடியிருப்பது என்பது அவர் சொந்த விஷயம்" என்று கம்பெனி கை கழுவுவதும் சரி இல்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணிக்கு, விமானி எந்த ஊரில் தூங்கினார் என்பது முக்கியம் இல்லை. தூங்கினாரா என்பதுதான் முக்கியம்.

கொஞ்சம் மாறுதல் வந்திருக்கிறது. விமானிகள் கிடைக்காமல் சிறு கம்பெனிகள் திண்டாடியபோது, 2022-ல் சம்பளத்தைத் திடீரென்று ஏற்றினார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸைச் சேர்ந்த சிறு கம்பெனிகளில் புதிய துணை விமானிக்கு, விமானம் ஓட்டும் மணி ஒன்றுக்கு 90 டாலர் என்று ஆயிற்று. வெளியூர் விமானிகளுக்கு மாதத்தில் சில இரவுகள் ஓட்டல் அறை கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு. கலிட்டா என்ற பார்சல் விமானக் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போய், விமானியின் வீட்டுக்குப் பக்கத்து விமான நிலையத்தில் இருந்தே டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறது. அங்கே விமானி வாசலில் காத்து நிற்க வேண்டியது இல்லை.

மற்ற பல கம்பெனிகளில், கடைசியில் சேர்ந்த விமானிகள் இன்றைக்கும் அந்த மடக்கு நாற்காலி காலியாக இருக்கிறதா என்று கேட்டுக் கொண்டுதான் வேலைக்குப் போகிறார்கள்.