எந்த பெல்?

திருச்சியில் பஸ் ஏறி "பி.எச்.இ.எல்." என்று டிக்கெட் கேட்பவர் அரிது. "பெல்" என்றால் போதும், கண்டக்டர் கிழித்துக் கொடுத்துவிடுவார். அதில் தவறே இல்லை. எங்காவது ஓர் உயிரொலி அகப்பட்டால் நாக்கு எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாக்கிவிடும். இஸ்ரோ, ஜிப்மர், சிப்காட் எல்லாம் அப்படி வந்தவைதான். டி.என்.பி.எஸ்.சி.யில் அதற்கு வழியில்லை. (ஐ.டி.ஐ.யில் வழி இருந்தும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. பழக்கம்தான் கடைசித் தீர்ப்பு.) உ.வே.சா., வ.உ.சி. போன்றவற்றில் ஒவ்வொரு எழுத்தும் தானே ஓர் அசை என்பதால் சேர்த்துச் சொல்வதா என்ற கேள்வியே எழுவதில்லை. ஆக, பேச்சை யாரும் திருத்த வேண்டாம். என் வருத்தமெல்லாம் அச்சில் வருவதைப் பற்றித்தான். 1964இல் தொடங்கிய பாரத் ஹெவி எலக்ட்ரிக்கல்ஸும் பெல். 1954இல் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸும் பெல். ஒன்று கொதிகலன் செய்கிறது, மற்றொன்று ரேடார். "பெல் நிறுவனத்தில் வேலை" என்று தலைப்புப் போட்டால் வேலை தேடும் பிள்ளை எதற்கென்று விண்ணப்பிப்பான்? செய்தியின் முதல் வரியிலேயே முழுப்பெயரை ஒருமுறை எழுதுங்கள். அதன்பின் பக்கம் முழுக்க பெல் என்றே போட்டாலும் சரி.