அந்த வீட்டு வாசலைப் பாருங்கள்



போன வாரம் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஈரோட்டில் பெரியார் - அண்ணா நினைவு இல்லத்துக்குப் போய்வந்த படத்தை இங்கே போட்டிருந்தேன். அதற்குக் கீழே வந்த கருத்துகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். "இத்தனை வருசம் இங்கயே இருந்தும் ஒரு தடவை கூடப் போனதில்லீங்க சார்" என்பது முதல் வகை. "வருசா வருசம் குருநாதசாமி தேருக்குத் தவறாம போறவரு நீங்க, அங்க எதுக்குங்க மாமா போனீங்க?" என்பது இரண்டாவது. "நாலு போட்டோவும் ஒரு சிலையும்தானே, அங்க பாக்கறதுக்கு என்னங்க சார் இருக்குது?" என்பது மூன்றாவது.

மூன்று பேருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் செய்வது மாதிரி பாதியில் ஜன்னல் பக்கம் திரும்பிவிடாமல் கடைசி வரை படியுங்கள்.

முதலில் சாமி விஷயம். ஒரு வீட்டைப் பார்க்கப் போவது அந்த வீட்டுக்காரர் சொன்னதையெல்லாம் ஒப்புக்கொள்வது ஆகாது. பெரியாரே ஈரோட்டில் தேவஸ்தானக் கமிட்டியில் பொறுப்பு வகித்தவர்தான். 1925 மே 2ஆம் தேதி ஈரோட்டில் 'குடிஅரசு' பத்திரிகை தொடங்கியபோது அதைத் தொடங்கிவைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள். அவர் ஒரு சைவ மடத்தின் தலைவர். அவருக்கே அந்த இடத்துக்குப் போவதில் தயக்கம் இல்லை. அந்தியூரில் இருந்து பவானி வழியாகப் பஸ் ஏறிப் போய்வர நமக்கு என்ன தயக்கம்?

கட்சி விஷயமும் அப்படித்தான். என்னிடம் படித்தவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறீர்கள். ஓட்டு உங்கள் விருப்பம். நான் பேசப்போவது ஒரு வீட்டைப் பற்றி மட்டும்.

இப்போது மூன்றாவது கேள்வி. அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

தலைவர்கள் வாழ்ந்த வீடுகளுக்குப் போனால் நாம் எல்லோரும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறோம். செருப்பை விட்டுவிட்டு உள்ளே போகிறோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்கிறோம். சுவரில் உள்ள படங்களை வேகமாகக் கடக்கிறோம். வாசலில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். அலகாபாத் ஆனந்த பவனுக்குப் போகிறவர்கள் மாளிகையின் அழகைப் பார்த்து வியக்கிறார்கள். விருதுநகரில் காமராஜர் வீட்டுக்குப் போகிறவர்கள், இவ்வளவு சின்ன வீடா என்று வியக்கிறார்கள். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்த வீட்டிலும் இதே கதைதான். பெரிது என்றால் ஒரு வியப்பு, சிறிது என்றால் இன்னொரு வியப்பு. அதோடு பார்வை முடிந்துவிடுகிறது.

என் கருத்து இதுதான். ஒரு தலைவர் வாழ்ந்த வீட்டில் பார்க்க வேண்டியது அவருடைய கட்டிலும் மூக்குக்கண்ணாடியும் மட்டும் அல்ல. அந்த வீட்டு வாசலை யார் யார் தாண்டினார்கள், உள்ளே யார் யார் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டது யார் என்று கேட்க வேண்டும். மேடையில் என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஒரு மனிதர் எப்படிப்பட்டவர் என்பதை வாசலும் அடுப்படியும்தான் காட்டிக்கொடுக்கும்.

இந்தக் கேள்வியோடு ஈரோட்டு வீட்டின் கதையைப் பாருங்கள்.

1879இல் பெரியார் பிறந்தது வசதியான வணிகக் குடும்பத்தில். அப்பா வெங்கட்ட நாயக்கர் ஏழ்மையில் இருந்து உழைத்து மேலே வந்து மண்டி வைத்தவர். அம்மா சின்னத்தாயம்மாள். ஆசாரமான வைணவக் குடும்பம். கதாகாலட்சேபமும் பாகவதர்களுக்குச் சாப்பாடும் அந்த வீட்டில் வாடிக்கை. அதாவது யார் எங்கே உட்காரலாம், யார் கையில் தண்ணீர் குடிக்கலாம் என்ற கணக்கெல்லாம் கறாராக இருந்த வீடு.

திண்ணைப் பள்ளியில் படித்த காலத்தைப் பெரியாரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தாகம் எடுத்தால் வாத்தியார் வீட்டில் மட்டும்தான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வீட்டில் கட்டளை. அந்த வாத்தியார் வீட்டிலோ, தம்ளரைத் தரையில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, வாயில் படாமல் தூக்கிக் குடிக்கச் சொல்லி, குடித்த பிறகு அதன்மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவி எடுத்துப் போவார்களாம். பெரிய மண்டிக்காரர் வீட்டுப் பையனுக்கே இந்த நிலை. அந்தப் பையன் வாத்தியார் வீட்டை விட்டுவிட்டு, போகக்கூடாது என்று சொன்ன வீடுகளிலெல்லாம் போய்த் தண்ணீர் குடித்தான். பிறகு வந்த எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு தம்ளர் தண்ணீர்தான்.

வளர்ந்த பிறகு அவர் மாற்றியதில் முதலில் வருவது ஊர் இல்லை, சொந்தக் குடும்பம். சின்ன வயதிலேயே கணவனை இழந்துவிட்ட தங்கை மகளுக்கு 1909இல் மறுமணம் செய்துவைத்தார். உறவுக்காரர்கள் எதிர்த்தார்கள். அப்போது அவருக்குக் கட்சியும் இல்லை, பத்திரிகையும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஈரோடு நகராட்சித் தலைவர் பதவி, காங்கிரஸ், கதர் எல்லாம். எண்பது வயதை எட்டிய அம்மாவையும் கதர் கட்ட வைத்தார்.

1921இல் கள்ளுக்கடை மறியல் வந்தது. தோப்பில் இருந்த 500க்கும் மேற்பட்ட தென்னை மரங்களைப் பெரியார் வெட்டிச் சாய்த்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். பரீட்சையில் கேட்டால் எழுதுவீர்கள். ஆனால் அவர் சிறைக்குப் போன பிறகு ஈரோட்டில் மறியலை முன்னின்று நடத்தியது யார்? மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும். மறியலை நிறுத்தும் பேச்சு எழுந்தபோது, அது ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று காந்தியடிகள் சொன்னதாக இன்றைக்கும் சொல்வார்கள்.

1924இல் வைக்கம். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்கலாமா என்பதே அங்கே கேள்வி. பெரியார் இரண்டு முறை சிறை சென்றார். நாகம்மையாரும் அங்கே போய்ப் பெண்களைத் திரட்டினார். பின்னாளில் 'குடிஅரசு' தலையங்கம் ஒன்றுக்காக வழக்கு வந்தபோது, எழுதிய அண்ணனோடு வெளியீட்டாளர் என்ற முறையில் கண்ணம்மாளும் சிறைத் தண்டனை பெற்றார்.

அந்தக் காலக்கட்டத்தில்தான் சேரன்மாதேவி குருகுலப் பிரச்சினையும் வெடித்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய, காங்கிரஸ் நிதி பெற்ற பள்ளி அது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு. பிள்ளைகள் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்று ஒரு தரப்பு. பெற்றவர்கள் விருப்பத்தை எப்படி மீறுவது என்று ஒரு தரப்பு. நாட்டு விடுதலைக்கு நின்றவர்களையே அந்தப் பந்தி பிரித்துவிட்டது. அதே 1925இல் பெரியார் காஞ்சிபுரம் மாநாட்டில் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அவருடைய நண்பர் இராஜாஜி அதே ஆண்டு திருச்செங்கோடு பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, ஒதுக்கிவைக்கப்பட்டவர்களையும் உடன் தங்கவைத்தார். கொள்கையில் கடைசி வரை எதிரும் புதிருமாக நின்ற இரண்டு நண்பர்கள். இரண்டு பேரும் நம் கொங்கு மண்ணில் ஒரே ஆண்டில் கையில் எடுத்தது ஒரே கேள்வி: யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது?

நாகம்மையார் 1933 மே 11ஆம் தேதி காலமானார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அண்ணா, பத்திரிகை வேலைக்காக ஈரோடு வந்து தங்கினார். 1940களில் கலைஞரும் 'குடிஅரசு' அலுவலகத்தில் வேலை பார்த்தார். அந்த நாட்களை 'ஈரோட்டுக் குருகுலம்' என்றே அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஒரு குருகுலத்தின் தனிப்பந்தியை எதிர்த்த மனிதருடைய இடத்துக்கு அந்தப் பெயர் வந்ததை நினைத்து நான் சிரித்துக்கொள்வதுண்டு. 1949இல் அண்ணா பிரிந்துபோய்த் தனிக்கட்சி கண்டார். 1967இல் தேர்தலில் வென்றதும் பெரியாரைத்தான் தேடிப் போனார். இன்று இருவர் பெயரும் சேர்ந்தே அந்த இல்லத்தில் இருக்கிறது.

இத்தனையும் சொன்னது தேர்வுக்காக இல்லை. இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. சொந்தக்காரர்கள் சிலருக்குக் கசக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். முன்னால் வாசல், அப்புறம் திண்ணை, ஆசாரம், உள்ளே சமையல்கட்டு, பின்னால் பொடக்காளி. நான் சின்னப் பையனாக இருந்தபோது காட்டு வேலைக்கு வந்தவர்கள் பொடக்காளிப் பக்கமாக வந்துதான் நிற்பார்கள். கொட்டாங்குச்சியில் நீராகாரம் ஊற்றுவார்கள். என் அம்மாயி நல்ல மனசுக்காரி. பசி என்று வந்த யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. ஆனால் ஊற்றிய இடம் பொடக்காளிதான். இரக்கம் ஒன்று, சமம் வேறொன்று. இந்த வித்தியாசம் புரிய எனக்குப் பல வருடம் ஆனது.

"அதெல்லாம் அந்தக் காலமுங்க, இப்ப யாரு பாக்கறாங்க?" என்பீர்கள். கொட்டாங்குச்சி போய்விட்டது, உண்மைதான். அந்த இடத்துக்குப் பேப்பர் கப் வந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் சொந்தக்காரருக்கு எவர்சில்வர் தம்ளரில் காப்பி. தேங்காய் பறிக்க வந்தவருக்கும் களை எடுக்க வந்த அம்மாவுக்கும் பேப்பர் கப்பில் டீ. கேட்டால் "சுத்தமுங்க, குடிச்சுட்டு வீசிரலாம்" என்று பதில் வரும். அவ்வளவு சுத்தம் என்றால் சம்பந்திக்கும் அதிலேயே கொடுக்கலாமே? கொடுப்போமா?

2018இல் அவிநாசி பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த ஒரு பெண்ணைச் சாதியைச் சொல்லித் தடுத்த செய்தியை நாடே படித்தது. சேரன்மாதேவிக்கும் அதற்கும் நடுவில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. ஊரும் சாதியும் வேறு, கேள்வி அதே கேள்விதான்.

முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தேன். மதியம் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சத்துணவு சாப்பிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர், இப்போது நல்ல வேலையில் இருப்பவர், கொஞ்ச நாளைக்கு முன்பு பேச்சுவாக்கில் சொன்னார்: "அவன் எனக்கு உயிர் நண்பன்தானுங்க சார். எங்க வீட்டுல எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கான். ஆனா அவங்க வீட்டு ஆசாரத்துல நான் ஒரு நாளும் உக்காந்ததில்லீங்க. வாசல்ல கட்டில் போட்டுத்தான் பேசுவோம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தால் பெஞ்ச் வரைக்கும்தான் போக முடிந்திருக்கிறது. ஆசாரம் வரைக்கும் போக வேண்டியது வீடுதான்.

அதனால்தான் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு மணிமண்டபத்தையும் சிலையையும் காட்டுவதைவிட ஒரு வீட்டைக் காட்டுவது நல்லது. சிலையைப் பார்க்கும் பிள்ளைக்கு, இவர் நம்மைப் போன்ற ஆள் இல்லை என்று தோன்றும். வீட்டைப் பார்க்கும் பிள்ளைக்கு, நம் வீட்டிலும் இதைச் செய்யலாமே என்று தோன்ற வாய்ப்பு இருக்கிறது. ஆசாரமான ஒரு குடும்பம் ஒரே தலைமுறையில் மாற முடிந்தது. அதுவும் மேடையில் பேசியவரால் மட்டும் முடியவில்லை, உள்ளே இருந்த பெண்களும் துணிந்ததால் முடிந்தது. நாகம்மையார் படியளந்து சோறு போடும் வீட்டுக்காரியாக மட்டும் இருந்திருந்தால் அந்த வீட்டின் கதை வேறாகியிருக்கும். இல்லத்தின் பெயர்ப்பலகையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. போகிற பிள்ளைகளுக்கு நாகம்மையார், கண்ணம்மாள் என்ற இரண்டு பெயர்களையும் நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சுற்றுலா என்றால் ஊட்டி, கொடிவேரி, தீம் பார்க் என்றே போகிறோம். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வருடத்தில் அரை நாள் ஈரோட்டுக்கும் ஒதுக்குங்கள். வரிசையாக விட்டு வரிசையாக வெளியே கூட்டிவராதீர்கள். போவதற்கு முந்தின நாளே மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள்:

இந்த வீட்டுக்குள் வர யாருக்கெல்லாம் அனுமதி இருந்தது?
இங்கே சாப்பிட்டவர்களுக்குச் சமைத்தது யார்?
இந்த வீட்டில் முதலில் மாறியது யார்?

பதிலை அங்கேயே எழுத வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய், அதே மூன்று கேள்வியையும் தங்கள் வீட்டைப் பற்றி அப்பாவிடமும் அம்மாவிடமும் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். சில பெற்றோர் உங்களிடம் சண்டைக்கு வரலாம். வந்தால் பாடம் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

உறவுகளுக்கு ஒன்றே ஒன்று. அடுத்த மாதம் நம் குடும்பத்தில் ஒரு சீர் வருகிறது. சமையலுக்கும் பந்தலுக்கும் மாவு அரைக்கவும் காட்டு வேலைக்கும் நம்மோடு நிற்பவர்கள் எல்லோரும் கடைசிப் பந்தியில் இல்லாமல் நம்மோடு முதல் பந்தியில் உட்கார வேண்டும், அதே இலையில், அதே தம்ளரில். நான் அவர்கள் பக்கத்தில்தான் உட்காரப் போகிறேன். பெரியவன் என்று எனக்கு இடம் போட்டுவைக்கிறவர்கள் அங்கேயே போட்டுவையுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். மரியாதையாக எழுதினால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். எழுத்துப்பிழை இருந்தால் பழையபடி திருத்தவும் செய்வேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
அந்தியூர்.